அடக்கம் செய்யாத சாவி

கல்லறைத் திருநாளன்று மாலை. கணவர் சந்தியாகுவின் கல்லறையைக் கழுவித் துடைத்து, செவ்வந்திச் சரம் சார்த்தி, கடற்காற்றுக்கு உள்ளங்கையால் மறைப்புக் கொடுத்து மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள் அமலோற்பவம். அப்போது அவளுடைய கைப்பைக்குள் அவருடைய சாவி அதிர்ந்தது.

அவர் இறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

முதலில் கைபேசி என்றுதான் நினைத்தாள். பைக்குள் கையை விட்டதும் விரல்கள் அடையாளம் கண்டுகொண்டன. வெளியே எடுத்தாள். ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வில்லை. அதன் முகத்தில் பச்சை ஒளி. ஒளிக்குக் கீழே, எப்போதும்போல, 'சந்தியாகு' என்ற பெயர்.

பச்சை என்றால் சிறு கசிவு. சவரக் கத்தி பட்டது, ஈறில் இரத்தம், முழங்கையில் சிராய்ப்பு, இப்படி ஏதாவது. அவள் கட்டைவிரல் யாரையும் கேட்காமல் 'பார்த்தேன்' என்ற இடத்தைத் தொட்டது. அதிர்வு நின்றது.

பக்கத்தில் முழந்தாளிட்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பிலோமினா தலையைத் திருப்பினாள். அவள் சந்தியாகுவின் தங்கை.

"அது என்ன மைனி?"

"ஒண்ணுமில்ல."

"அண்ணன் சாவில்லா அது? பொட்டிக்குள்ள அவன் கையிலல்லா வச்சோம். நான்தான ஜெபமாலையோட சேத்து விரலுக்குள்ள சொருகுனேன்."

"ஆமா."

"பொறவு?"

"மூடி போடதுக்கு முன்னால முத்தம் கொடுக்கக் குனிஞ்சேன்ல. அப்ப எடுத்துட்டேன்."

பிலோமினா கல்லறையைப் பார்த்தாள். சுற்றிலும் நூற்றுக்கணக்கான சுடர்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து எரிந்தன. "அண்ணன் கூப்பிடுதான்" என்றாள் மெல்ல.

இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை விழுங்கிய காலம் அந்த ஊரில் முடிந்துகொண்டிருந்தது. இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியவர்களுக்கு மருந்து கூடினால் இரத்தம் நிற்காது; குறைந்தால் வால்வில் கட்டி, அந்தக் கட்டி மூளைக்குப் போகும். இரண்டுக்கும் நடுவே கயிற்றில் நடப்பதுபோல் வாழ்ந்தவர்களுக்குத் துகள்கள் ஒரு வரமாக வந்தன. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள்கள் இரத்தத்தோடு ஓடி, அது உறையாமல் காத்தன. இரத்தக்குழாயைவிட்டு இரத்தம் கசிந்தால் சாவிக்குச் செய்தி அனுப்பின. 'நிறுத்து' என்று கட்டளை வந்தால் அந்த நிமிடமே வேலையை நிறுத்தின.

அந்தக் கட்டளை சாவியில் இருந்தது. தொடக்கத்தில் சாவியை நோயாளியிடமே கொடுத்தார்கள். அவர்கள் ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்டாலும் பயந்து 'நிறுத்து' என்பதை அமுக்கினார்கள். அமுக்கியவர்களில் பலருக்கு வாய் கோணியது, பேச்சுப் போனது. அதன்பிறகு சாவி இன்னொருவர் கையில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. ஒருவர் இரத்தம் இன்னொருவர் கையில். மாப்பிள்ளை பார்க்கப் போனவர்கள், "மாப்பிள்ளைக்குச் சாவி உண்டுமா? யார் கையில இருக்கு?" என்று விசாரித்தார்கள். சண்டை போட்டுக்கொண்டு தாய்வீட்டுக்குப் போன பெண்கள் நகையை மறந்தாலும் சாவியை மறக்கவில்லை. அடுத்த பஸ்ஸிலேயே புருஷன் பின்னால் வந்து நின்றான். பூசைக்கு முன்னால் பங்குச் சாமியார், "கைபேசியை அணையுங்கள், சாவியை அணைக்காதீர்கள்" என்று தவறாமல் சொன்னார்.

சந்தியாகுவின் இரத்தத்தை நான்கு ஆண்டுகள் அமலோற்பவம் வைத்திருந்தாள். அவளுக்குக் குடிநீர் வடிகால் அலுவலகத்தில் வேலை. கோப்பு பார்க்கும்போதும் சாவி மேசைமேல் இருக்கும். 'பார்த்தேன்' என்று அவள் தொட்டால் அவர் மணிக்கட்டில் இருக்கும் பட்டை ஒருமுறை மெல்லத் துடிக்கும். "நீ தொட்டா நாடி பாக்கது மாதிரி இருக்கு அமலி" என்பார்.

அவர் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் மத்தியானம் சாவியில் மஞ்சள் ஒளி வந்தது. மஞ்சள் என்றால் உள்ளே கசிவு. மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போகிறது என்று அவரும் சொன்னார். சொல்லிவிட்டு, "சூடும்மா. வெயில்ல அலைஞ்சது. ரெண்டு இளநி குடிச்சா சரியாயிரும். திங்கக்கிழமை டாக்டரப் பாப்போம்" என்றார். முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கி வாரக்கணக்கில் வலி மாத்திரை தின்றதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அந்த மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும் என்றோ, துகள் ஓடும் உடம்பில் அந்தப் புண் ஆறாமல் வடியும் என்றோ அவர் நினைத்துப் பார்க்கவில்லை. அவள் இளநீர் வாங்கிக் கொடுத்தாள். திங்கட்கிழமை வரவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் காலை ஏழு மணிவாக்கில் சாவி மறுபடியும் அதிர்ந்தது. பச்சை. அதற்கு மறுநாளும் வந்தது.

"ஆத்துமாவுக்கு என்னமோ குறை இருக்கு மைனி" என்றாள் பிலோமினா. இருவரும் பூசைக்கு எழுதிக் கொடுத்தார்கள். பூசை நடந்த அன்றும் காலையில் பச்சை வந்தது.

இறந்தவர்கள் பல் தேய்ப்பதில்லை என்று அமலோற்பவத்துக்குத் தெரியும். அந்த நேரத்தில், அந்த அளவில் வருவது ஈறுக் கசிவு என்பதும் நான்கு ஆண்டுப் பழக்கத்தில் தெரியும். ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் செய்தால் காரணம் தெரிந்துவிடும். அவள் செய்யவில்லை. செய்தால் நின்றுவிடுமோ என்று பயந்தாள். அடுப்பில் தோசை கிடக்கும், சாவி அதிரும், வில்லையில் அவர் பெயர் ஒளிரும். "மெதுவாத் தேயுங்களேன். சுவரையா தேய்க்கிய?" என்று சொல்லிக்கொண்டே தொடுவாள். வீட்டில் யாரும் இல்லாதபோது அப்படிப் பேசுவது அவளுக்கே சில நாள் அச்சமாக இருந்தது. சில நாள் அதுவே அந்த நாளின் ஜெபமாக இருந்தது.

திருவருகைக் காலத்தின் கடைசி ஞாயிறு. கிறிஸ்துமசுக்கு முறுக்கு சுட பிலோமினா வந்திருந்தாள். சாவி அதிர்ந்தது. மாவு பிசைந்த கையோடு அமலோற்பவம் அதை எடுத்தாள். அன்று காலையில் பச்சை வரவில்லை. இப்போது வந்திருப்பது மஞ்சள்.

ஆறு மாதத்துக்கும் மேலாக அவள் கண்ணை மூடினால் தெரிந்த அதே மஞ்சள்.

"மைனி, அமுக்கு" என்றாள் பிலோமினா. "அன்னைக்கு அமுக்காமத்தான் அண்ணன விட்டோம். இப்பமாவது அமுக்கு. அதுக்குத்தான் அவன் கூப்பிடுதான்."

வில்லையின் பின்புறம் சிறு மூடிக்குள் 'நிறுத்து' இருந்தது. அமலோற்பவம் நகத்தால் மூடியைத் திறந்தாள். விரலை வைத்தாள்.

"செத்தவருக்கு வயித்துல ரத்தம் வடியாது பிலோ" என்றாள்.

"அப்பம் இது யாரு?"

"தெரியல. யாரோ உசுரோட இருக்காவ. நான் அமுக்கி அவுகளுக்கு வால்வுல ரத்தம் கட்டிக்கிட்டா?" மூடியைச் சாத்தினாள். "அன்னைக்கும் அமுக்கியிருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணும். அதத்தான் செய்யாம விட்டேன்."

"போனா சாவியப் பிடுங்கிருவாவளே."

"பிடுங்கட்டும். ஆட்டோவக் கூப்பிடு."

அடைக்கலம் மருத்துவமனை ஊருக்கு வெளியே, உப்பளங்களைத் தாண்டி இருந்தது. அன்று பணியில் இருந்தவர் டாக்டர் நஸ்ரின். அமலோற்பவம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். பெட்டியிலிருந்து எடுத்ததையும் சொன்னாள். டாக்டர் முதலில் கேட்டது ஒன்றுதான்.

"நீங்க 'நிறுத்து' அமுக்கலையே?"

"இல்லம்மா."

"நல்லதும்மா." டாக்டர் பெருமூச்சு விட்டார். "உங்க வீட்டுக்காரர் கண்தானத்தோட சேத்து துகளையும் தானமா எழுதிக் கொடுத்திருந்தார். இறந்தவங்க இரத்தத்திலிருந்து துகளை வடிச்செடுத்துச் சுத்தம் பண்ணி, விலை கொடுத்து வாங்க முடியாதவங்களுக்கு ஏத்துறோம். சாவியை வாங்கித்தான் பழைய இணைப்பை அழிக்கணும். இந்த ஊர்ல எல்லாரும் சாவியைப் பெட்டியில வச்சுப் புதைச்சிடறாங்க. புதைச்சாச்சுன்னு சொன்னா நாங்களும் நம்பிடறோம். மண்ணுக்குள்ள இருக்கற சாவியை யார் அமுக்கப் போறாங்கன்னு ஒரு அலட்சியம்தான். தப்பு எங்க மேலயும் இருக்கு."

"அப்ப அவரு துகளு இப்ப யாருக்குள்ள இருக்கு?"

டாக்டர் திரையைப் பார்த்தார். "அய்யலுசாமி. லாரி ஓட்டினவர். அக்டோபர் கடைசியிலதான் ஏத்தினோம். புதியம்புத்தூர்ல தனியா இருக்கார். சாவி மகன் பேர்ல, மஸ்கட்டுக்கு அனுப்பியிருக்கோம்." அவர் முகம் மாறியது. "அந்தச் சாவியை இதுவரைக்கும் திறக்கவே இல்ல."

அய்யலுசாமியின் கைபேசியை யாரும் எடுக்கவில்லை. டாக்டர் அந்த ஊர்ச் செவிலியரைப் பிடித்தார். செவிலியர் போய்க் கதவைத் தட்டினார். அய்யலுசாமி கட்டிலில் உட்கார்ந்தபடி, லேசாகத் தலை சுற்றுகிறது, சூடுதான், மோர் குடித்திருக்கிறேன் என்றாராம். ஆம்புலன்சில் ஏற்றினார்கள்.

அமலோற்பவம் அவசரப் பிரிவின் வாசலில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். யாருக்காக ஜெபிக்கிறோம் என்று குழம்பி, கடைசியில் இரண்டு பேருக்காகவும் ஜெபித்தாள். ஆம்புலன்ஸ் உள்ளே திரும்பும்போது வில்லை சிவப்பானது. நரைத்த மீசை, வெளுத்துப்போன முகம், சட்டையெல்லாம் வாந்தியெடுத்த இரத்தம். அவளைக் கடந்து அவரைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

டாக்டர் வெளியே எட்டிப் பார்த்தார். "அம்மா, உள்ள வாங்க. மகன் போனை எடுக்கல. இப்போதைக்கு இவருக்கு இருக்கற ஒரே சாவி உங்க கையில இருக்கறதுதான்."

"நானா அமுக்கணும்?"

"உங்க விரல் ரேகைக்குத்தான் அது திறக்கும்."

"கட்டி அடைச்சிராதா?"

"அடைக்கலாம். வீட்ல தனியா அமுக்கியிருந்தா அதுதான் பயம். இப்போ நாங்க பக்கத்துல இருக்கோம். புண்ணை அடைச்சு, இரத்தம் ஏத்தி, வால்வைக் கண்காணிச்சு, நேரம் பாத்து மறுபடி தொடங்குவோம். நிறுத்தறதும் ஆபத்து, நிறுத்தாம விடறதும் ஆபத்து. அதனாலதான் அதை வீட்ல முடிவு பண்ணக் கூடாதுங்கறோம். அமுக்குங்கம்மா."

வில்லையில் 'சந்தியாகு' என்ற பெயர் சிவப்பு ஒளியில் நின்றது. அமலோற்பவம் சிலுவை போட்டுக்கொண்டு அமுக்கினாள்.

கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் பார்க்க அனுமதித்தார்கள். அய்யலுசாமி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாயின் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. பல் வலிக்கு ஒரு வாரமாக வலி மாத்திரை தின்றிருக்கிறார். அதுதான் வயிற்றைப் புண்ணாக்கியது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தன் மகன்தான் தினமும் தொட்டான் என்று இவர் நம்பிக்கொண்டிருப்பாரோ என்பதுதான் வரும் வழியெல்லாம் அமலோற்பவத்தின் கவலை. அதை உடைக்கவும் மனமில்லை. பொய்யில் விட்டுவிட்டுப் போகவும் மனம் ஒப்பவில்லை.

"நான் அமலோற்பவம். உங்களுக்கு ஏத்தியிருக்க துகளு எங்க வீட்டுக்காரரோடது" என்று தொடங்கினாள். "காலையில ஏழு மணிக்கு உங்க பட்டை துடிக்குமே, அது..."

"நீங்கதானா தாயி அது?"

"உங்க மகன்னு நெனச்சிருப்பிய. மன்னிக்கணும்."

அய்யலுசாமி சிரிக்கப் பார்த்தார். தாடை வலித்தது போலும், நிறுத்திக்கொண்டார். "அவனா? சாவி போய்ச் சேந்த அன்னைக்கே பிரிக்காத பொட்டியப் போட்டோ பிடிச்சு அனுப்பிட்டான். அவுக அம்மா சாகக் கெடந்தப்ப நான் லோடு ஏத்திக்கிட்டு நாக்பூர்ல கெடந்தேன். அதுலருந்து பேச்சு இல்ல. அவன் கோவம் நாயந்தான்."

"அப்ப யாருன்னு நெனச்சிய?"

அவர் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு சன்னல் பக்கம் பார்த்தார். வெளியே உப்புக் குவியல்கள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன.

"என் வீட்டுக்காரின்னு நெனச்சேன்" என்றார். "சிரிக்காதிய."

"நான் சிரிக்கல. நானும் அப்படித்தான் இருந்தேன்."

"செத்தவ வந்து கைய தொடுவாளான்னு அறிவு கேக்கும். ஆஸ்பத்திரியில கேட்டா சொல்லிருவாக. கேக்கல. கேட்டா நின்னுபோகும்ல."

அவள் தலையசைத்தாள். அவள் பயந்ததும் அதே சொற்களில்தான்.

"ஒண்ணு சொல்லுதேன் தாயி. டாக்டரம்மாட்ட சொல்லல." குரலைத் தாழ்த்தினார். "ஈறு ரத்தத்துக்குப் பல் டாக்டரப் பாக்கச் சொல்லி அப்பவே எழுதிக் கொடுத்தாக. துகள் ஓடுதுன்னு முன்கூட்டியே சொல்லிட்டுப் பாக்கணும்னாக. நான் போகல. ரத்தம் நின்னா துடிப்பும் நின்னுரும்லா? சில நாள் லேசாத்தான் வரும், பட்டை துடிக்காது. அப்ப இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்ப்பேன். துடிக்க மட்டும் தேய்ப்பேன். அதுலதான் பல்லு புழுத்து, வலி தாங்காம மாத்திர போட்டேன்."

அடுப்படியில் நின்று அவள் அன்போடு தொட்ட ஒவ்வொரு காலையிலும், எங்கோ ஒரு மனிதர் தன் வாயைப் புண்ணாக்கிக்கொண்டு அந்தத் தொடுதலுக்குக் காத்து நின்றிருக்கிறார். முகம் தெரியாமல், பெயர் சொல்லாமல் செய்த அன்பு அது. யாருக்கு என்று தெரியாத அன்பும் புண்ணாக்கும் போலிருக்கிறது. ஆண்டவர் அவளை மன்னிப்பார். ஆனால் ஆண்டவரிடம் கேட்பதற்கு முன் இந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. கேட்டாள்.

"விடுங்க தாயி" என்றார் அவர். "அந்த ஒரு துடிப்புக்காகத்தான் காலையில எந்திரிச்சேன்."

டாக்டர் வந்தார். பழைய இணைப்பை அன்றே அழிக்க வேண்டும்; புதிய சாவி வேண்டுமென்றால் புதிய ஆள் வேண்டும்; இல்லையேல் பழையபடி மாத்திரைதான் என்றார். அய்யலுசாமி அமலோற்பவத்தைக் கேட்கவில்லை. கேட்கக் கூசி, போர்வையின் ஓரத்தைச் சரிசெய்தார்.

"நான் வச்சுக்கிடுதேன்" என்றாள் அமலோற்பவம். "ஆனா பல் டாக்டரப் பாக்கணும். கடையில கேட்டு ஒரு மாத்திர வாங்கக் கூடாது. கறுப்பாப் போனாலும், தலையில அடிபட்டாலும், வலியே இல்லன்னாலும், அன்னைக்கே சொல்லணும். சூடுங்கிற பேச்சே வரக் கூடாது."

"டாக்டரம்மா, இவுக உங்களுக்கு மேல இருக்காகளே" என்றார் அய்யலுசாமி.

வில்லையைக் கருவியில் வைத்தார்கள். 'சந்தியாகு' என்ற எழுத்துகள் ஒருமுறை மங்கி, அணைந்தன. அமலோற்பவம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கூட வந்திருந்த பிலோமினா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். அன்றுதான் அவரை முழுதாக அடக்கம் செய்ததுபோல் இருந்தது. பிறகு வேறு பெயர் வந்தது.

மறுநாள் காலை அடுப்பில் தோசைக்கல் காய்ந்தது. சாவியைப் பக்கத்தில் வைத்திருந்தாள். ஏழு மணி ஆனது. தோசையைத் திருப்பினாள். ஒளி வரவில்லை. ஏழரை ஆனது. அடுப்பை அணைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். செவிலியர் கைபேசியை அவரிடம் கொடுத்தார்.

"என்னாச்சு? ஒண்ணும் வரலியே?"

"ஒண்ணுமில்ல தாயி. நேத்து சாயங்காலமே பல்லப் பிடுங்கிட்டாக. நூல் போட்டுத் தச்சிருக்கு. பிரஷ் தொடக் கூடாதாம், நாளையிலருந்து உப்புத் தண்ணியில மெதுவா வாய் கொப்புளிச்சாப் போதுமாம். இன்னைக்கு ரத்தமே வரல."

"நல்லதாப் போச்சு."

"ஆமா. நல்லதுதான்."

அவள் கையில் சாவி இருண்டு, குளிர்ந்து கிடந்தது. அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது கேட்டது.

"தாயி."

"சொல்லுங்க."

"ரத்தம் வந்தாத்தான் பாப்பியளா?"

அமலோற்பவம் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். அலுவலகத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. இல்லாவிட்டாலும் ஒரு நாள் பிந்தினால் குடிநீர் நின்றுவிடாது.

"தோசை திங்கலாமான்னு டாக்டரக் கேட்டு வையுங்க" என்றாள். "வாரேன்."